மணியின் குரலுக்கு நகல் உண்டா?

2018 டிசம்பர் 11 அன்று அமெரிக்க ராணுவத்தின் சி-130 சரக்கு விமானம் ஒன்று மணிலாவின் வில்லமோர் விமானப்படைத் தளத்தில் இறங்கியது. அது சுமந்து வந்தவை மூன்று பழைய வெண்கல மணிகள். நான்கு நாள் கழித்து, சமார் தீவின் தென்கரையில் உள்ள பலங்கிகா என்ற ஊரின் புனித லாரன்ஸ் ஆலயத்தில் அவை ஒப்படைக்கப்பட்டன. அதற்கு அடுத்த நாள் டிசம்பர் 16. பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலிகள் தொடங்கும் நாள். அந்தத் திருப்பலிக்கு ஊரின் சொந்த மணி ஒலித்தது. அது அங்கே ஒலித்து 117 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1901-இல் அமெரிக்கப் படையால் போர் வெற்றிச் சின்னமாகக் கொண்டுபோகப்பட்ட மணிகள் இவை. திரும்பக் கேட்டுப் பேச்சுவார்த்தை நடந்த 1990-களில், ஃபிடெல் ராமோஸ் பிலிப்பைன்ஸின் குடியரசுத் தலைவராக இருந்தபோது, ஒரு சமரசத் திட்டம் முன்வைக்கப்பட்டது. அமெரிக்காவில் இருக்கும் இரண்டு மணிகளுக்கு நகல்கள் வார்க்கலாம். இரு நாடுகளும் ஆளுக்கு ஒரு அசலும் ஒரு நகலும் வைத்துக்கொள்ளலாம். அரசியலில் இது நியாயமான பங்கீடாகத் தோன்றும். சிலை, ஓவியம் போன்றவற்றுக்கு நகல் செய்து அருங்காட்சியகங்கள் காலம் தள்ளுகின்றனவே, மணிக்கு மட்டும் என்ன?

மணிக்கு ஒரு வேறுபாடு உண்டு. இயற்பியல் அதைச் சொல்கிறது. அதனால்தான் ஒரு சிற்றூரின் மணியைப் பற்றி அறிவியல் கட்டுரை எழுதத் தோன்றியது.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். பலங்கிகா லெய்த்தே வளைகுடாவைப் பார்த்தபடி, அதே பெயர் கொண்ட ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. பேசுவது வாராய் மொழி. பிழைப்பு தென்னை, மீன், கொஞ்சம் வேளாண்மை. ஸ்பானியர் ஆட்சியில் பிலிப்பைன்ஸ் கிராமங்களுக்கு எல்லை வகுத்ததே ஆலய மணிதான். சிதறிக் கிடந்த குடிகளை ஆலயத்தைச் சுற்றிக் குடியமர்த்தியபோது, மணியோசை காதில் விழும் தூரத்துக்குள் வாழ்பவர்தான் ஊர்க்காரர் என்று கணக்கு வைத்தார்கள். மணி எட்டாத மலைப்பக்கம் போனவர் ஆட்சியின் கைக்கும் எட்டாதவர். ஆக, மணி முதலில் அதிகாரத்தின் கருவியாகத்தான் வந்தது. ஆனால் ஊர் அதைத் தனதாக்கிக்கொண்டது. மூவேளைச் செபத்துக்கும் திருப்பலிக்கும் அதுவே அழைத்தது. ஒருவர் இறந்தால் ஊருக்குச் சொன்னதும் அதுவே. கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு பயனும் இருந்தது. தெற்கே சுலு, மிண்டனாவோ பக்கமிருந்து ஆள்பிடிக்க வரும் படகுகள் சமார், லெய்த்தே கரைகளைப் பல தலைமுறைகள் அலைக்கழித்தன. தூரத்தில் பாய்மரம் தெரிந்தால் மணியை விடாமல் அடிப்பார்கள்; ஊர் ஓடித் தப்பும்.

துக்க மணி கேட்டதும் வேலையை நிறுத்திச் சிலுவை அடையாளம் போடும் வழக்கத்தைத் தமிழகத்துக் கத்தோலிக்கக் கிராமங்களும் அறியும். மணிச்சத்தத்தை வைத்தே இது எந்த ஊர்க் கோவில் என்று சொல்லிவிடும் பெரியவர்கள் இங்கும் உண்டு. அவர்கள் காது எதைப் பிடிக்கிறது என்பதுதான் கேள்வியின் மையம்.

பலங்கிகாவின் மூன்று மணிகளிலும் ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெரியது 1853. நடுவானது 1889. சிறியது 1895. பெரியதில் பிரான்சிஸ்கன் சபையின் முத்திரை இருக்கிறது. மற்ற இரண்டிலும் உள்ள ஸ்பானிய வாசகங்கள், இன்னார் பங்குத்தந்தையாக இருந்தபோது இது மறுபடி உருக்கி வார்க்கப்பட்டது என்கின்றன. இந்த ஒரு வரியில் நிறையச் செய்தி இருக்கிறது. மறுவார்ப்பு என்றால், அதற்கு முன்பே ஒரு மணி இருந்து, அது கெட்டுப்போய், அதன் உலோகமே அடுத்த மணியாகியிருக்கிறது. பொறித்த ஆண்டைவிட உலோகத்துக்கு வயது அதிகம்.

மணி எப்படிக் கெடும்? விரிசல் விழுந்துதான். ஏன் விரிசல் விழுகிறது, ஏன் ஒட்டவைக்காமல் உருக்குகிறார்கள் என்பதற்கு மணியின் உலோகத்துக்குள் போகவேண்டும்.

தாமிரம் வளையும் உலோகம். வெள்ளீயம் அதைவிட மெத்து, நகத்தால் கீறலாம். நூற்றுக்கு 78 பங்கு தாமிரம், 22 பங்கு வெள்ளீயம் என்ற அளவில் இரண்டையும் சேர்த்து உருக்கினால், இரண்டின் குணமும் இல்லாத மூன்றாவது ஒன்று பிறக்கிறது. தாமிரம் தன் படிகத்துக்குள் வெள்ளீயத்தை ஓரளவுதான் ஏற்கும். மிஞ்சியது, ஆறும்போது, கடினமான, எளிதில் நொறுங்கும் வேறொரு படிகமாகப் பிரிந்து ஊடே ஊடே நிற்கும். மணிக்கு வேண்டியது இந்தக் கடினம்தான். மெத்தான உலோகத்தைத் தட்டினால் அதன் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கிவிடும். 'டொக்' என்று அடங்கும். மணி வெண்கலத்தில் அடுக்குகள் வழுக்க இடமில்லை. உள்ளே செலவாகாத ஆற்றல், கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் ஒலியாகவே வெளியேறுகிறது. அதனால்தான் ஒரே அடிக்குப் பல நொடிகள் ரீங்காரம். காரீயம் சிறிதளவு கலந்தாலும் இந்த நீட்சி குறைந்துவிடும். ஆகவே நல்ல வார்ப்பாளர்கள் பழைய உலோகத்தை வாங்கும்போது தட்டிப் பார்த்து, உடைத்துப் பார்த்து வாங்குவார்கள்.

இந்தக் கலவையைத் தமிழ் மண்ணும் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. ஆதிச்சநல்லூரில் கிடைத்த மெல்லிய வெண்கலக் கலங்களை ஆராய்ந்த உலோகவியலாளர் சாரதா சீனிவாசன், அவற்றில் மணி வெண்கலத்துக்கு நிகரான அளவு வெள்ளீயம் இருப்பதைக் காட்டியிருக்கிறார். ஆனால் செய்முறை வேறு. அந்தக் கலங்கள் செஞ்சூட்டில் அடித்து, நீரில் குளிர்வித்துச் செய்யப்பட்டவை. அதனால் நொறுங்கும் படிகம் அதிகம் உருவாகவில்லை. மெல்லியதாகத் தட்ட முடிந்தது. தேவாலய மணியோ களிமண் அச்சில் ஊற்றி, மெல்ல ஆறவிடப்படுவது. கடினமும் அதனால்தான், நொறுங்கும் குணமும் அதனால்தான்.

ஆகவே மணிக்கு அதன் வலுவே ஆபத்து. வளைந்து கொடுக்காத உலோகம் என்றைக்காவது பிளக்கும். நாக்கு பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் அடித்தால் அங்கே பள்ளம் விழும். மணிக்காரர் சோம்பலில் கயிற்றை நாக்கிலேயே கட்டி இழுத்து, அடித்தவுடன் நாக்கு துள்ளி விலகவிடாமல் மணியோடு ஒட்டியபடி பிடித்தால் இன்னும் கெடுதி. அதிரும் விளிம்பும் நிற்கும் நாக்கும் மோதி, நுண்விரிசல் தொடங்கும். விரிசலின் இரு முகங்களும் உரசி ஆற்றலை விழுங்க ஆரம்பித்தால் மணி கரகரக்கும். சாதாரணமாகப் பற்றவைத்தால் சூடு ஓரிடத்தில் மட்டும் ஏறி, பக்கத்திலேயே புது விரிசல் விடும். மணி முழுவதையும் உலையில் சூடேற்றி நிதானமாக ஒட்டும் நுட்பம் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. 1889-இல் பலங்கிகாவுக்கு உருக்குவது ஒன்றே வழி.

உருக்குவதும் பெரிய வேலைதான், ஆனால் செய்யக்கூடிய வேலை. தூய தாமிரம் உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளீயம் சேர்ந்த மணி வெண்கலம் 800 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். செங்கல் உலை, மரக்கரி, துருத்தி போதும். களிமண்ணும் சாணமும் முடியும் பிசைந்து உள்கருவை எழுப்புவார்கள். அதன்மேல் மணியின் அளவிலேயே பொய்மணி ஒன்றை மண்ணால் வைத்து, மெழுகில் எழுத்துகளும் முத்திரையும் செய்து ஒட்டுவார்கள். அதற்கு மேல் வெளியச்சு. உலர்ந்தபின் வெளியச்சைத் தூக்கி, பொய்மணியை உடைத்தெடுத்து, மறுபடி மூடினால் நடுவில் மணி வடிவில் வெற்றிடம் இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பொய்மணி அழிய வேண்டும். அதே அச்சில் இரண்டாவது மணி கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மணிலாவில் ஹிலாரியோ சுனிகோவின் பட்டறை இப்படித்தான் ஊர் ஊராகப் பங்கு ஆலயங்களுக்கு மணி வார்த்துக் கொடுத்தது.

இனி ஓசை. மணியை அடித்தால் அதன் விளிம்பு வட்டமாக நிற்காது. ஒரு கணம் கிழக்கு மேற்காக நீண்ட நீள்வட்டமாகும், அடுத்த கணம் வடக்கு தெற்காக நீளும். கண்ணுக்குத் தெரியாத இந்த அசைவுதான் மணியின் மிகத் தாழ்ந்த சுரம். அதோடு கூடவே விளிம்பு மூன்று புடைப்பாகவும், நான்கு புடைப்பாகவும், இன்னும் நுணுக்கமாகவும் அதிர்கிறது. ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனி அதிர்வெண். வீணைத் தந்தியிலும் மேற்சுரங்கள் உண்டு. ஆனால் அங்கே அவை 1, 2, 3, 4 என்று முழு எண் வரிசையில் ஒழுங்காக நிற்கும். மணி வளைந்த, தடிமன் மாறும் கனமான ஓடு. அதன் சுரங்களுக்கு அப்படி இயல்பான வரிசை கிடையாது. ஓட்டின் தடிமனை எங்கே கூட்டுகிறோம், எங்கே குறைக்கிறோம் என்பதே அவற்றை நிர்ணயிக்கிறது. விளிம்பில் நாக்கு படும் இடம்தான் மிகத் தடிப்பு; பொதுவாக வாயின் விட்டத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு.

நூற்றாண்டுகளாகச் செதுக்கிச் செதுக்கி ஐரோப்பிய வார்ப்பாளர்கள் ஒரு வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எளிய எண்களில் சொன்னால், நல்ல மணி ஒன்றின் சுரங்கள் 250, 500, 600, 750, 1000 ஹெர்ட்ஸ் என்று அமையும். 500-ஐ ஷட்ஜமாக வைத்தால், 250 கீழ் ஷட்ஜம், 750 பஞ்சமம், 1000 மேல் ஷட்ஜம். நடுவில் 600 நிற்கிறதே, அது சாதாரண காந்தாரம். மேற்கத்திய இசையில் சோகச் சாயல் தருவது இந்த இடைவெளிதான். தேவாலய மணி கலியாணத்துக்கு அடித்தாலும் ஓர் ஏக்கம் கலந்து கேட்பதன் காரணங்களில் இது ஒன்று. அந்தச் சுரம் அதற்கு மேலுள்ள அந்தரக் காந்தாரத்துக்கு ஏறிய மணி வேண்டும் என்று 1980-களில் நெதர்லாந்தில் கணினியில் கணக்குப் போட்டு, வயிறு புடைத்த வேறு வடிவத்தில் மணி செய்தார்கள். வடிவத்தை மாற்றாமல் சுரம் மாறாது.

1644-இல் நெதர்லாந்தின் சுட்ஃபன் நகரில் ஹெமனி சகோதரர்கள் மணியின் உட்புறத்தைக் கடைந்து இந்தச் சுரங்களைத் தனித்தனியே சேர்க்கும் வித்தையைச் செய்துகாட்டினார்கள். அவர்களுக்குப் பின் அந்த நுட்பம் ஏறக்குறைய மறைந்துபோனது. மீட்டெடுக்க முனைந்தவர் ஆர்தர் சிம்ப்சன் என்ற இங்கிலாந்துக் கிராமப் பாதிரியார். மணிகள் ஏன் அபசுரமாக ஒலிக்கின்றன என்று கேட்டு அவர் எழுதத் தொடங்கியது 1895-இல். பலங்கிகாவின் சிறிய மணி மறுவார்ப்பு கண்ட அதே ஆண்டு. அதற்குச் சற்று முன்பு, 1890-இல், இயற்பியலாளர் ராலே பிரபு டெர்லிங் என்ற தன் சொந்தக் கிராமத்து ஆலய மணிகளையே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுரத்தையும் அளந்து பதிப்பித்திருந்தார். மணியின் அறிவியல் பெரிய பேராலயங்களில் பிறக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ராலேயைத் திகைக்க வைத்த ஒன்று உண்டு. மணியை அடித்த கணத்தில் நம் காது ஒரு சுரத்தைத் தெளிவாகக் கேட்கிறது. மணிக்காரர் அதைத்தான் இந்த மணியின் சுருதி என்பார். ஆனால் அளந்து பார்த்தால் அந்த அதிர்வெண்ணில் உலோகம் அதிராமலேயே இருக்கலாம். பின்னால் வந்தவர்கள் புதிரை அவிழ்த்தார்கள். மணியின் மேற்சுரங்களில் 1000, 1500, 2000 போன்ற மூன்று வலுவாக ஒலிக்கின்றன. இவை 2, 3, 4 என்ற விகிதம். அப்படியானால் அடியில் 1-ஆக 500 இருந்தாக வேண்டும் என்று மூளை தானே முடிவு செய்து அதை நமக்குக் கேட்க வைக்கிறது. சிறிய கைப்பேசி ஒலிபெருக்கியால் மிருதங்கத்தின் தொப்பியோசையை உண்டாக்கவே முடியாது. ஆனாலும் நாம் கேட்கிறோம். அதே வேலைதான். ஆக, ஒரு ஊர் தன் மணியின் குரலாக நினைவில் வைத்திருப்பதில் பாதி வெண்கலத்தில் இருக்கிறது, பாதி அந்த ஊர்க்காரரின் செவியில் இருக்கிறது.

பலங்கிகா மணிகள் போன்ற பழைய மணிகள் கடைந்து சுருதி சேர்க்கப்பட்டவை அல்ல. 250 இருக்க வேண்டிய இடத்தில் 270 இருக்கலாம், 600 இருக்க வேண்டிய இடத்தில் 590 இருக்கலாம். இசைக்கலைஞர் இதைப் பிழை என்பார். ஊர்ப் பெரியவருக்கு இந்தப் பிழைதான் அடையாளம்; பக்கத்து ஊர் மணியில் பிழை வேறு மாதிரி.

இதைவிட நுட்பமான கையெழுத்து ஒன்றும் மணியில் உண்டு. சரியான வட்டமாக ஒரு மணியை யாராலும் வார்க்க முடியாது. ஒரு பக்கம் நூலளவு தடிப்பாக இருக்கும், ஒரு பக்கம் குமிழி விழுந்திருக்கும், ஒரு பக்கம் எழுத்துகள் இருக்கும். அதனால் நீள்வட்டமாக அதிரும் அந்த அடிச்சுரம் ஒன்றாக இல்லாமல் இரண்டாகப் பிளக்கும். ஓர் அச்சில் 250, அதிலிருந்து 45 பாகை திரும்பிய அச்சில் 251 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஒரு முறை ஓசை பெருத்துச் சிறுக்கும். பள்ளிப் பாடத்தில் படித்த விம்மல் இதுதான். பழைய மணி ஒலித்து அடங்கும்போது ஓசை அலையாடிக்கொண்டே போகிறதல்லவா, அந்த அலையின் வேகம் அந்த மணிக்கு மட்டுமே உரியது. அதே மணியைச் சற்றே திருப்பி மாட்டி, நாக்கு வேறிடத்தில் படும்படி செய்தால்கூட விம்மல் மாறிவிடும்.

இப்போது நகல் திட்டத்துக்கு வருவோம். அசல் மணியின் மேல் நேரடியாக அச்செடுத்து வார்த்தால், வெண்கலம் ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சுருங்கும். மணியின் அதிர்வெண் அளவுக்கு எதிர்விகிதத்தில் போவது. எனவே நகலின் சுருதி அதே ஒன்றரை சதவீதம் ஏறிவிடும். ஒரு சுரஸ்தானத்தில் கால்பங்கு. பழகிய காதுக்கு உறுத்தும். சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சைப் பெரிதாக்கலாம், கடைந்து சுருதியும் சேர்க்கலாம். அப்போது அடிச்சுரம் பொருந்தும். ஆனால் பழைய தாமிரத்தின் மாசுகளும் எந்தப் பக்கம் எத்தனை குமிழி என்பதும் திரும்ப வராது. விம்மல் பொருந்தாது. நகல் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். மூன்று நொடி ஓடியபின் அது வேறு மணி என்று தெரிந்துவிடும்.

ஊரே 1889-இலும் 1895-இலும் தன் மணிகளை உருக்கிக் குரலை மாற்றிக்கொண்டதே, அப்போது மட்டும் இழப்பு இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த மாற்றத்தில் உலோகம் ஊரிலேயே இருந்தது. பழைய குரலை விடுவது என்ற முடிவையும் ஊர்தான் எடுத்தது. 1901-இல் நடந்தது அதுவல்ல.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க 9-ஆம் காலாட்படையின் 'சி' பிரிவு பலங்கிகாவில் முகாமிட்டது. வீரர்கள் 74 பேர். பிலிப்பைன்ஸ்-அமெரிக்கப் போரின் கடைசிக் கட்டம். ஊர் ஆண்களைப் பிடித்துக் கூடாரங்களில் அடைத்து வேலை வாங்கியதும், வெட்டரிவாள்களையும் உணவையும் பறித்ததும் ஊரைக் கொதிக்க வைத்தன. செப்டம்பர் 28 காலை, வீரர்கள் உணவுக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில் ஊர்க்காவல் தலைவர் வலேரியானோ அபனாதோர் ஒரு காவலாளியின் துப்பாக்கியைப் பறித்துத் தாக்கினார். ஆலய மணி ஒலித்தது. நாலா பக்கமிருந்தும் ஊர் பாய்ந்தது. அமெரிக்க வீரர்கள் 48 பேர் மாண்டார்கள். ஊராரிலும் பலர் மடிந்தார்கள். மறுநாள் வந்த படை ஊரைக் கொளுத்தியது. அதன்பின் ஜெனரல் ஜேக்கப் ஸ்மித்தின் ஆணைகளால் சமார் தீவு முழுவதும் நடந்த அழிப்பு அவரை 1902-இல் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது.

அந்தத் தாக்குதலுக்கு அடையாளமாக ஒலித்தது 1895-ஆம் ஆண்டின் சிறிய மணி என்று கருதப்படுகிறது. எச்சரிக்கைக்குச் சிறிய மணியை எடுப்பதற்கு ஒலியியலிலும் நியாயம் உண்டு. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை. சிறிய மணியின் வலுவான சுரங்கள் அந்த எல்லையை நெருங்கி நிற்கும். நாக்கும் இலகு, அடுக்கடுக்காக அடிக்க முடியும். நேரமும் துணை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். பகலில் தரை சுட்டு, கீழ்க்காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்தில் தொலைகிறது. இரவெல்லாம் ஆறிய தரையின் மேல், விடிகாலையில், குளிர்ந்த காற்று அடியிலும் வெதுவெதுப்பான காற்று மேலேயும் நிற்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து, வயல்களையும் ஆற்றையும் தாண்டி மறுபடி தரைக்கே வருகிறது. வெப்பமண்டலக் கடற்கரையின் ஈரக்காற்றும் உதவுகிறது. வறண்ட காற்றைவிட ஈரக்காற்று உயர் அதிர்வெண்களைக் குறைவாகவே உறிஞ்சும். உழவர்கள் வயலுக்குப் போகுமுன் வரட்டும் என்று விடியலில் வைத்த திருப்பலி, மணியோசை மிகத் தொலைவு போகும் நேரத்திலேயே அமைந்துவிட்டது.

படை கொண்டுபோன மணிகளில் இரண்டு 1904-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் செயென் நகரை அடுத்த ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தன. சிறியது 9-ஆம் காலாட்படையோடு சுற்றி, கடைசியில் தென்கொரியாவின் முகாமொன்றில் இருந்தது. செயென் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1850 மீட்டர் உயரத்தில் உள்ள வறண்ட சமவெளி. உப்புக்காற்றில் தொங்க வேண்டிய மணிகள் அங்கே பனியில் காட்சிப்பொருளாக நின்றன. மாண்ட தோழர்களின் நினைவுச்சின்னம் அவை என்று வயோமிங்கின் முன்னாள் படைவீரர்கள் பலர் உண்மையாகவே நம்பினார்கள். அவர்கள் துக்கத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அவர்களுக்கு அந்த மணிகளின் குரல் வேண்டியிருக்கவில்லை. பலங்கிகாவுக்கு வேண்டியிருந்ததே அதுதான்.

மணியை வெறும் உலோகமாகப் பார்ப்பது போர்களின் வழக்கம். பிலிப்பைன்ஸ் புரட்சியாளர்களே ஆலய மணிகளை உருக்கிப் பீரங்கி செய்தார்கள். பீரங்கி வெண்கலத்துக்கு வெள்ளீயம் பத்து சதவீதம்தான் வேண்டும். மணி உலோகத்தை அப்படியே வார்த்தால் பீரங்கி வெடித்துவிடும். கூடுதல் தாமிரம் கலந்தே ஆகவேண்டும். இரண்டாம் உலகப்போரில் நாஜி ஜெர்மனி ஐரோப்பா முழுவதும் சுமார் 1,75,000 மணிகளை இறக்கியது. ஏறத்தாழ 1,50,000 திரும்பவில்லை. எஞ்சியவை ஹாம்பர்க் துறைமுகத்தில் குவிந்து கிடந்தபோது, பெர்சிவல் பிரைஸ் என்ற கனடிய மணியிசைஞர் அங்கே போய் ஆராய்ந்தார். உருகிப்போன மணிகளில் எத்தனையோ சிற்றூர்களின் குரலுக்கு ஒரு ஒலிப்பதிவுகூட இல்லை.

பலங்கிகா தப்பியது பலரின் விடாப்பிடியால். வரலாற்றாசிரியர் ரொலாண்டோ பொரினாகா, போரோங்கன் மறைமாவட்டம், அமெரிக்காவிலேயே திருப்பித் தரவேண்டும் என்று வாதாடிய முன்னாள் வீரர்கள் என்று பலர் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். இடையில் 2013 நவம்பரில் ஹையான் புயல் பக்கத்து குவியுவானில் கரையேறி இந்தக் கரையையே சிதைத்தது. ஊர் மறுபடி எழுந்து நின்றது. 2018 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஜேம்ஸ் மேட்டிஸ் செயென் முகாமுக்குப் போய் மணிகளை விடுவித்தார். மூன்றும் அசல். நகல் திட்டம் அத்தோடு போயிற்று.

நம் பக்கத்திலும் பழைய மணி தொங்கும் பங்குகள் ஏராளம். பல இடங்களில் மூவேளை மணி இப்போது ஒலிபெருக்கியில் பதிவாக ஒலிக்கிறது. அசல் மணி மணிக்கூண்டில் சும்மா தொங்குகிறது. அந்தப் பங்குகளின் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். மணியின் நாக்கு எப்போதும் மணியைவிட மெத்தான இரும்பாக இருக்க வேண்டும். கடினப்படுத்திய எஃகு நாக்கை மாட்டிவிடாதீர்கள். ஒரே இடம் தேய்ந்திருந்தால் மணியைத் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். விரிசல் விழும் முன் குரலைப் பதிந்து வையுங்கள். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. காற்றில்லாத விடியற்காலையில் கைப்பேசியை மணியிலிருந்து சில மீட்டர் தள்ளி வைத்து, ஒரே ஒரு அடி அடித்து, ஓசை முழுவதும் அடங்கும்வரை யாரும் பேசாமல் பதியவேண்டும். அதிர்வெண் வரைபடம் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. அதில் மிகக் கீழே நிற்கும் முகட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றாகத் தெரிந்தது ஒட்டி நிற்கும் இரண்டாகப் பிரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள். நொடிக்கு எத்தனை விம்மல் என்பது அந்த எண்தான். பிறகு மரச்சுத்தியலால் விளிம்பில் ஒரு சாண் தள்ளித் தள்ளி மெதுவாகத் தட்டி, எந்த இடத்தில் அந்த அலையாட்டம் நின்று ஓசை நேராக ஓடுகிறது என்று கண்டு, அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்து, பங்கின் பதிவேட்டில் தேதியோடு சேர்த்து வையுங்கள்.